பதினோராம் வசனத்தில் அடித்த மணி

"போன வருஷம் நான் சொன்னதுல மூணு தப்பு இருக்கு. மொதல்ல அதச் சொல்லிடறேன். அப்புறம் ஜெபம் பண்ணிட்டுப் பாடத்துக்குப் போவோம்."

தஞ்சாவூரில் ஒவ்வொரு மே மாதமும் நடக்கும் எங்கள் போதகர் மாநாட்டில் வேதபாட வகுப்பை அவர் இப்படித்தான் ஆரம்பிப்பார். மற்றப் பேச்சாளர்கள் தங்கள் பெருமையைச் சொல்லி ஆரம்பித்தால், இவர் குற்றப்பட்டியலோடு வருவார். பள்ளிக்கூட விடுதியில் பிள்ளைகள் லீவுக்குப் போனபிறகு நடக்கும் மாநாடு அது. சாப்பாட்டுக் கூடம்தான் வகுப்பறை. நாற்பது போதகர்கள், ஆறாம் வகுப்புப் பையன்கள் உட்காரும் குட்டை பெஞ்சுகளில், முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருப்போம். மூலையில் எவர்சில்வர் அண்டா நிறைய நீர்மோர். அவர் மூன்று தப்பையும் வரிசையாகச் சொல்லி முடிக்கும்வரை ஒருவரும் மோருக்கு எழுந்து போகமாட்டோம். அடுத்தவர் தப்பைக் கேட்பதில் போதகர்களுக்கு உள்ள ருசி அப்படி.

எங்களுக்குள் அவருக்குத் 'திருத்தம் ஐயா' என்று பெயர். நெட்டையான மனிதர். அரைக்கைச் சட்டை. சட்டைப்பையில் இரண்டு பென்சிலும் ஒரு கட்டுத் தபால் கார்டும் எப்போதும் இருக்கும். பேனாவை வேதப்புத்தகத்தின் பக்கத்தில்கூட வைக்கமாட்டார். ஓரத்தில் எழுதினால் பென்சிலில்தான். "நாளைக்கு அழிக்க வேண்டியிருக்கும்ல" என்பார். எழுபது வயதிலும் காது பாம்புக்காது. கடைசி பெஞ்சில் நான் பக்கத்து ஆளிடம் முணுமுணுத்ததைக் கேட்டு, "மதியம் சாம்பாரா ரசமான்னு நானும்தான் யோசிச்சுக்கிட்டிருக்கேன்" என்று வகுப்பை நிறுத்தாமலே பதில் சொன்னவர்.

இறையியல் கல்லூரியில் மூன்று வருஷம் அவரிடம் படித்தவன் நான். அங்கே அவர் இப்படி இல்லை. அங்கே அவர் சொன்னால் சொன்னதுதான். எதிர்த்துக் கேள்வி கேட்டால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் துடைத்து மாட்டிக்கொள்வதற்குள் கேட்டவன் உட்கார்ந்துவிடுவான். ஓய்வு பெற்று, மனைவியின் ஊரான தஞ்சாவூருக்குக் குடிவந்த பிறகுதான் எல்லாம் மாறியது. பழைய பாடக்குறிப்புகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போட எடுத்தாராம். போடுவதற்கு முன் ஒருதரம் பார்ப்போமே என்று புரட்டியிருக்கிறார். பத்தாவது பக்கத்திலேயே ஒரு தப்பு. பேப்பர்காரரை வாசலில் நிற்கவைத்துவிட்டுப் படித்துக்கொண்டே இருந்தாராம். வந்தவர் பார்த்துப் பார்த்து வெறுங்கையோடு போய்விட்டார்.

அதற்குப் பிறகு கார்டுகள் வர ஆரம்பித்தன. டெல்டா முழுக்கச் சிதறிக் கிடந்த எங்களைப் போன்ற பழைய மாணவர்களுக்கெல்லாம் வந்தன. எனக்கு வந்த முதல் கார்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. 'அன்புள்ள சகோதரருக்கு, நீங்கள் இரண்டாம் வருடம் படித்தபோது யோனா கப்பலேறிய துறைமுகத்தின் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டேன். யோப்பா என்று திருத்திக்கொள்ளவும். வருந்துகிறேன்.'

நான் அப்போது பூதலூர்ப் பக்கத்தில் ஒரு சின்னச் சபையில் போதகராக இருந்தேன். தபால்காரர் மாரிமுத்து கார்டைப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். சைக்கிளிலிருந்து காலை ஊன்றுவதற்கு முன்பே சத்தம் வந்துவிடும்.

"ஐயா, ஒங்க வாத்தியாரு மறுபடி தப்புப் பண்ணிட்டாராம்!"

தெருவே கேட்கும். மாரிமுத்து சும்மா போகிறவரும் இல்லை. "யோப்பான்னா என்னங்கய்யா? நம்ம நாகப்பட்டினம் மாதிரி துறைமுகமுங்களா?" என்று விசாரிப்பார். நான் நின்று யோனா கதையைச் சொல்ல வேண்டியிருக்கும். எனக்கு மானம் போனது. அடுத்த மாநாட்டில் அவரிடம், "ஐயா, கவர்ல போட்டு ஒட்டி அனுப்பக் கூடாதா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "தப்ப அம்பது பேரு முன்னால சத்தமாச் சொன்னேன். திருத்தத்த மட்டும் ஒட்டி அனுப்பறதா?"

வேதத்தில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். ஒரு வருஷம் மாநாட்டின் இரண்டாம் நாள் காலையில் நாங்கள் நாற்பது பேரும் காத்திருக்கிறோம், ஆளைக் காணோம். ஒரு மணி நேரம் கழித்து ஆட்டோவில் வந்து இறங்கினார். வேர்த்து வழிகிறது. வழியில் ஒரு அம்மா, கையில் மூட்டையோடு, திருத்துறைப்பூண்டி பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டிருக்கிறார். பழைய பஸ் ஸ்டாண்டைக் கைகாட்டிவிட்டு வந்தவருக்கு, விடுதி வாசலில் வந்துதான் பஸ்ஸெல்லாம் புது ஸ்டாண்டுக்குப் போய்விட்டது ஞாபகம் வந்ததாம். திரும்பிப் போய், அந்த அம்மாவைத் தேடிப் பிடித்து, ஆட்டோவில் ஏற்றி, புது ஸ்டாண்டில் பஸ் ஏற்றிவிட்டு வந்திருக்கிறார். "அந்தம்மா பஸ்ஸு கெளம்பற வரைக்கும் என்னையத் திட்டுனாங்க" என்றார். அதைச் சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

ஆளாளுக்கு வெளியூர், வெளிநாடு என்று கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் சபையிலேயே வீட்டுக்கு ஒருவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்தார்கள். இவர் மகள் கம்ப்யூட்டர் வேலையில் அமெரிக்காவுக்குப் போய், அப்பாவையும் கூப்பிட்டுக்கொண்டாள். ஆறு மாதத்துக்கென்று போனவர் மூன்றாம் மாதமே திரும்பிவிட்டார். ஏன் என்று கேட்டோம். "எனக்கு அங்க என்ன வேலை? அங்க யாருக்கும் நான் எதையும் தப்பாச் சொல்லிக்கொடுக்கலையே" என்றார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

களைகளைப் பற்றிய உவமையை அவர் நடத்தியது அடுத்த மாநாட்டில். விதைத்த வயலில் எதிரி களையை விதைத்துவிட்டுப் போன கதை. பிடுங்கட்டுமா என்று வேலையாட்கள் கேட்க, வேண்டாம், அறுப்பு வரைக்கும் இரண்டும் வளரட்டும் என்கிறார் எஜமான். அதை அவர் உருக்கமாக விளக்கிக்கொண்டிருந்தபோது, குத்தகைக்கு நிலம் எடுத்துப் பயிர் செய்கிற ஒரு வயதான போதகர் எழுந்து நின்றார்.

"ஐயா, கோவிச்சுக்கக் கூடாது. எங்க ஊர்ல அறுப்பு வரைக்கும் களைய விட்டா, அறுக்கறதுக்கு நெல்லே இருக்காது."

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. எங்கள் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு, "நான் வயல்ல எறங்குனதே இல்ல. யாராவது காட்டுங்க" என்றார்.

ஐப்பசியில் பாசஞ்சர் வண்டியில் பூதலூருக்கு வந்து இறங்கினார். நான் எங்கள் சபை எஸ்தரிடம் சொல்லிவைத்திருந்தேன். எஸ்தர்தான் அந்தப் பக்கத்தில் களை எடுப்புக்கும் நடவுக்கும் பெண்களைக் கூட்டிப் போகிற ஆள். அன்று பதினைந்து பெண்கள் வரிசையாகக் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர் வேட்டியை மடித்துக் கட்டிச் சேற்றில் இறங்கினார். எஸ்தர் ஒரு கதிரில்லாத பயிரைக் காட்டினாள்.

"இது குதிரைவாலிங்கய்யா. நெல்லு மாதிரியே நிக்கும். இந்தத் தாளும் தண்டும் சேர்ற எடத்தத் தடவிப் பாருங்க. வழவழன்னு இருக்கா? நெல்லுன்னா அங்க சின்னதாக் காது மாதிரி, முடி மாதிரி இருக்கும்."

அவர் தடவினார். தலையாட்டினார். பெரிய பண்ணையாரைப் போல இரண்டு எட்டு வைத்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வேரோடு பிடுங்கித் தூக்கிக் காட்டினார்.

பெண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்துவிட்டார்கள். "ஐயா, நீங்க புடுங்குனது நெல்லுங்க!" என்று எஸ்தர் அவர் கையிலிருந்து அதைப் பிடுங்கி, இரண்டு விரலால் சேற்றில் அதே இடத்தில் ஊன்றி, சுற்றி அமுக்கிவிட்டாள். ஒரு மூச்சு விடும் நேரம்தான். இவர் முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். "இதுக்குத்தாங்க புடுங்காதேன்னு அந்த எஜமான் சொன்னாரு! வேலக்காரங்க என்னைய மாதிரி ஆளுங்க போல!" என்றார். திரும்பும்போது ரயிலடியில் என்னிடம், "முப்பது வருஷமா இதப் பாடம் நடத்துறேன்யா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தச் சேற்றுக் கால்கள்தான்.

இனி என் பங்குக்கு வருகிறேன். சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

எஸ்தரின் புருஷன் கல்யாணமான இரண்டாம் வருஷமே துபாய்க்குப் போனவன். முதலில் மாதம் ஒருதரம் எஸ்.டி.டி. பூத்துக்குப் பேசினான். பிறகு பண்டிகைக்குப் பண்டிகை. பிறகு அதுவும் இல்லை. விடுமுறைக்கு வந்த துணிக்கடை பாய் ஒருவர்தான், அவன் அங்கே வேறொருத்தியோடு குடும்பமாக இருக்கிறான், திரும்பி வரும் எண்ணம் இல்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். எஸ்தர் எட்டு வருஷம் பார்த்தாள். தஞ்சாவூர் கோர்ட்டுக்கு நடையாய் நடந்து விவாகரத்துக் காகிதம் வாங்கினாள். களை எடுப்பு நாளுக்கு அடுத்த வருஷம், வேதாரண்யத்தில் உப்பள வேலை செய்யும், மனைவியை இழந்த ஒருவர் அவளைக் கேட்டு வந்தார். நல்ல மனிதர். இருவரும் என்னிடம் வந்து ஓலை வாசிக்கச் சொன்னார்கள்.

ஓலை என்பது எங்கள் வழக்கம். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் பெண், மாப்பிள்ளை பெயரை வாசித்து, தடை ஏதும் இருந்தால் சொல்லலாம் என்று சபையைக் கேட்பது. ஓலை வாசிக்காமல் கோயிலில் கல்யாணம் இல்லை.

நான் வாசிக்க மாட்டேன் என்றேன். கல்லூரி நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு, சபைக் கமிட்டி முன்னால், "முதல் புருஷன் உயிரோட இருக்கான். தடை இருக்கு" என்றேன். பவுல் எழுதிய கொரிந்தியர் நிருபத்தை எங்கள் பேராசிரியர் நடத்தியபோது நான் எழுதிக்கொண்ட குறிப்பு அது. பிரிந்து வாழ்கிறவள் மறுமணமில்லாமல் இருக்கவேண்டும் என்ற பதினோராம் வசனத்தில் சிவப்பு மையால் கோடு வேறு போட்டிருந்தேன். உப்பளக்காரர் ஒரு வருஷம் பொறுத்தார். பிறகு வேறு இடத்தில் கல்யாணம் செய்துகொண்டார். எஸ்தர் ஞாயிறு தவறாமல் கோயிலுக்கு வந்தாள். என்னிடம் பேசுவதில்லை. நான் கண்டிப்பான போதகன் என்று நினைத்து எனக்கு உள்ளுக்குள் பெருமைகூட இருந்தது.

நான் ஓலை வாசிக்க மறுத்து மூன்று வருஷம் கழித்து வந்த மே மாதம். அதே கூடம், அதே மோர் அண்டா. அந்த வருஷம் பட்டியலில் நான்கு தப்பு. மூன்றாவதைச் சொல்லும்போது அவர் கையில் பழுப்பேறிய பழைய பாடக்குறிப்பு இருந்தது.

"முதல் கொரிந்தியர் ஏழாம் அதிகாரம். ஒரு வகுப்புக்குப் பதினோராம் வசனம் நடத்தறப்ப மணி அடிச்சிருக்கு. இங்க பென்சில்ல கோடு போட்டிருக்கேன். மறுநாள் பதினேழுலேருந்து ஆரம்பிச்சிருக்கேன். நடுவுல உள்ளத நடத்தவே இல்ல. விட்டுட்டுப் போறவன் போனா, விடப்பட்டவங்களுக்குக் கட்டு இல்லன்னு பவுல் சொல்றது அந்த நடுவுலதான். அவிசுவாசியப் பத்தித்தானே சொல்றாருன்னு கேப்பீங்க. சொந்த வீட்ட அம்போன்னு விட்டவன விசுவாசின்னு யாரு சொன்னா? எந்த வருஷ மாணவர்கள்னு தெரியல. அதனால எல்லாருக்கும் சொல்றேன்."

எந்த வருஷம் என்று எனக்குத் தெரியும். என் நோட்டில் மறுநாள் தேதிக்குக் கீழே பதினேழாம் வசனம்தான் இருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நாலாவது தப்பு என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

டீ இடைவேளையில் அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். சொல்லும்போதே, "நீங்க நடத்துனதத்தான் ஐயா நான்..." என்று இழுத்தேன்.

"நான் நடத்தாம விட்டது என் தப்பு. வேதப்புஸ்தகம் ஒங்க கையிலயும் இருந்துச்சே? நாலு வசனம் தள்ளிப் படிக்காதது ஒங்க தப்பு. என் தப்ப நீங்க எடுத்துக்க வேணாம். ஒங்க தப்ப எங்கிட்டக் குடுக்காதீங்க." டம்ளரைக் கீழே வைத்தார். "அந்தம்மா யாரு?"

"நமக்குக் களை காட்டுன எஸ்தர்ங்கய்யா."

அவர் முகம் செத்துப்போனது. மதிய வகுப்பு இருக்கிறது என்று அமைப்பாளர் பின்னாலேயே ஓடிவந்தார். இவர் காதில் வாங்கவில்லை. பஸ் பிடித்து, மூன்று மணி வெயிலில் எஸ்தர் வீட்டு வாசலில் நின்றோம்.

"அம்மா, நான் இவருக்கு வாத்தியாரு. ஒரு பாடத்தப் பாதியில விட்டுட்டேன். அதனால இவரு ஒங்களுக்கு ஓலை வாசிக்கல. மன்னிப்புக் கேக்க வந்திருக்கேன்" என்றார்.

எஸ்தர் உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெல்லப் புடுங்குன வாத்தியாருங்களா?"

"ஆமாம்மா."

"அன்னைக்கு அந்தப் பயிர அப்பவே ஊனிட்டேன். அதனால பொழச்சுது. இது மூணு வருஷம் ஆயிருச்சுங்களேய்யா. கேட்டு வந்தவருக்கு இப்ப கைப்புள்ள இருக்கு."

தேவன் எல்லாவற்றையும் நன்மையாக நடத்துவார் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். "ஆமாம்மா. திரும்ப ஊன முடியாது" என்றார். கண்ணாடியைக் கழற்றினார். இந்தமுறை துடைக்க வேண்டியிருந்தது.

நான் ஏதோ முணுமுணுத்தேன். மன்னிச்சுக்கம்மா என்று அதில் எங்கோ இருந்தது. எஸ்தர் என் பக்கம் திரும்பினாள்.

"தடை இருக்குன்னு அத்தன பேரு முன்னால சொன்னீங்க. அதுலேருந்து நடவுக்குப் போனாக்கூட 'தடைக்காரி வரா'ங்கறாளுங்க. எனக்குக் கல்யாணம் வேணாங்கய்யா. அந்த ஓலைய மட்டும் வாசிங்க. மூணு ஞாயிறும் வாசிங்க."

மாப்பிள்ளை பெயர் இல்லாத ஓலையா? எந்தச் சபை ஒழுங்கிலும் அப்படி இல்லையே என்று வழியெல்லாம் புலம்பினேன். "வாசிக்கக் கூடாதுன்னு எங்கயாவது எழுதியிருக்கா?" என்றார் அவர். இல்லை.

முதல் ஞாயிறு. பாசஞ்சரில் வந்து, கடைசி பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். எஸ்தர் பெண்கள் பக்கத்தில் பாயில் இருந்தாள். 'நமது சபையைச் சேர்ந்த எஸ்தர் மறுமணம் செய்துகொள்ளத் தடை இல்லை' என்று வாசித்தேன். "மாப்புள யாருங்கய்யா?" என்று ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். நான் பாட்டு எண்ணை அறிவித்துவிட்டேன். மூன்று வருஷ பாரம் இறங்கியதுபோல இருந்தது. நல்லபடியாகச் செய்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

புதன்கிழமை மாரிமுத்து சைக்கிளில் வந்தார். சத்தம் இல்லை. இறங்கி, ஸ்டாண்டு போட்டுவிட்டுக் கார்டை நீட்டினார்.

"வழியில எஸ்தருகிட்டப் படிச்சுக் காமிச்சுட்டேங்கய்யா. அவ சம்பந்தப்பட்டதுங்கறதால."

"என்னய்யா, மறுபடி தப்புப் பண்ணிட்டாராமா?"

"இந்தத் தடவ அவரு இல்லீங்க. நீங்க."

ஒரே ஒரு வரிதான். 'தடை இல்லை என்று வாசித்தீர்கள். தடை இருந்ததில்லை என்று திருத்திக்கொள்ளவும்.'

வாசலிலேயே நின்று கார்டை மறுபடி படித்தேன். தடை இல்லை என்றால், இருந்த தடையை நான் பெரிய மனதோடு எடுத்துவிட்டேன் என்று அர்த்தமாகிறது. இருந்ததில்லை என்றால், நான் சொன்னது பொய். ஒரு சொல்லுக்குள் நான் ஒளிந்துகொண்டிருந்ததை அந்த மனிதர் கடைசி பெஞ்சிலிருந்து கண்டுபிடித்துவிட்டார்.

இரண்டாம் ஞாயிறு கோயிலில் வழக்கத்தைவிடக் கூட்டம். மாரிமுத்துவின் சைக்கிள் போன தெருவெல்லாம் சேதி போயிருந்தது. அவரே வாசலுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். 'எஸ்தர் மறுமணம் செய்துகொள்ளத் தடை இருந்ததில்லை. தடை உண்டு என்று நான் சொன்னது தவறு' என்று வாசித்தேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

எஸ்தர் பாயிலிருந்து எழுந்து நின்றாள். "இன்னொரு வாட்டி வாசிங்கய்யா. கடைசியில இருக்கறவங்களுக்குக் கேட்டிருக்காது."

கோயில் முழுக்கத் திரும்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தது. அவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துவைத்துக்கொண்டு, "ஆமா, எனக்குக் கேக்கல" என்றார்.

மறுபடியும் வாசித்தேன், தெருவுக்கே கேட்கும்படி.

அதற்குப் பிறகு அவர் நாலு வருஷம் இருந்தார். எனக்குப் பதினேழு கார்டு வந்தது. கேட்கவில்லை என்று அன்று கோயிலில் சொன்னதற்கு மட்டும் கடைசிவரை திருத்தம் வரவேயில்லை.